நாற்பத்தெட்டு மீட்டர்

உட்காருங்கள்மா. அந்த நாற்காலி வேண்டாம், கால் ஆடும். இதில் உட்காருங்கள். பாப்பாவை மடியில் பிடித்து வைக்க வேண்டியதில்லை, விடுங்கள், ஓடட்டும். ஓடுவதற்கு இங்கே நிறைய இடம் இருக்கிறது. எல்.கே.ஜி.தானே? மூன்றரை முடிந்துவிட்டதா? இரண்டு மாதம் குறைந்தாலும் பரவாயில்லை, சேர்த்துக்கொள்ளலாம்.

எந்த கேட் வழியாக வந்தீர்கள்? மெயின் ரோட்டு கேட்தானே? சரி. யாராவது கேட்டால் அதையே சொல்லுங்கள். யார் கேட்பார்கள் என்கிறீர்களா? கேட்பார்கள். திங்கட்கிழமை தாலுகா ஆபீசிலிருந்து ஆள் வருகிறார்கள், இந்தப் பள்ளிக்கூடம் நடக்கிறதா இல்லையா என்று பார்க்க. நடக்கிறது என்று எழுதினால் எதிரே இருக்கிற கிளப் பூட்டியபடியே கிடக்கும். நடக்கவில்லை என்று எழுதினால் திறந்துவிடுவார்கள். அவ்வளவுதான் விஷயம். என் மூன்று வருடம் அந்த ஒரு வரியில் இருக்கிறது.

நீங்கள் ஊருக்குப் புதுசு. பின்தெருவில் சுப்பராயன் வீட்டு மாடிதானே? நல்ல மனிதர்கள். அவர்கள் பேரன் இங்கேதான் படித்தான். இப்போது மஞ்சள் பஸ்ஸில் வேறு பள்ளிக்கூடம் போகிறான். போகட்டும்.

இந்த ஜன்னல் வழியாகப் பாருங்கள். பச்சைப் பெயிண்ட் அடித்த கட்டடம், அதுதான். முன்பு அது தவிட்டு மண்டி. மூன்று வருடத்துக்கு முன்னால் மூட்டைகளை எடுத்துவிட்டு இந்தப் பெயிண்டை அடித்தார்கள். ஜன்னலுக்குக் கறுப்புக் கண்ணாடி போட்டார்கள். ஏதோ பைனான்ஸ் கம்பெனி என்று நினைத்தேன். பிறகு போர்டு வந்தது. நட்புக்கரம் மனமகிழ் மன்றம், உறுப்பினர்களுக்கு மட்டும். எங்கள் ஆயா நஞ்சம்மா எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டு, "அப்படின்னா என்னங்க டீச்சர்?" என்றாள். "கேரம், செஸ் எல்லாம் விளையாடுவாங்க" என்றேன். நான் அப்போது அதை நம்பினேன்.

அரசாங்க மதுக்கடை என்றால் பார்த்தவுடன் தெரியும். இது அப்படியில்லை. சங்கமாகப் பதிவு செய்து, ஒரு கேரம் போர்டு வாங்கி வைத்து, உறுப்பினர் பட்டியல் எழுதி, அதன் மேல் ஒரு லைசென்ஸ் வாங்கிவிடுகிறார்கள். பிறகு யார் வந்தாலும் உறுப்பினர். பட்டப்பகலில் லாரியை ஓரங்கட்டிவிட்டு உள்ளே போவார்கள். எங்கள் காம்பவுண்டுச் சுவர் எப்போது பார்த்தாலும் ஈரமாக இருக்கும். ஒருநாள் மணல் குழியில் ஒரு குழந்தை பாட்டில் மூடிகளைப் பொறுக்கி வரிசையாக வைத்துக் கூட்டல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது. சரியாகத்தான் போட்டிருந்தது, அது வேறு விஷயம்.

அன்றுதான் மனு எழுதினேன். கலெக்டர் ஆபீசுக்கு ஏழு திங்கட்கிழமை போனேன். பிறகு ஈரோட்டில் வைத்தீஸ்வரன் என்று ஒரு வக்கீல். சுவர், ஈரம், பாட்டில் மூடி எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன். கேட்டுவிட்டு, "தூரம் எவ்வளவுங்க மேடம்?" என்றார். நகராட்சிக்குள் பள்ளிக்கூடத்திலிருந்து ஐம்பது மீட்டருக்குள் இருந்தால் லைசென்ஸ் நிற்காதாம். ஐம்பத்தொன்று என்றால் சட்டம் நம்மைத் திரும்பிப் பார்க்காதாம். அதுவும் சுவருக்குச் சுவர் இல்லை. கேட்டிலிருந்து கேட், மனிதர் நடந்து போகிற வழி.

அப்போது எங்கள் கேட் பக்கத்துச் சந்தில் இருந்தது. சந்தில் சைக்கிள் தவிர எதுவும் வராது. அம்மாக்கள் பிள்ளைகளை விட்டுவிட்டு, பெல் அடித்த பிறகும் அரை மணி நேரம் அங்கேயே நின்று பேசிக்கொண்டிருப்பார்கள். எனக்கு எரிச்சலாக வரும். வீட்டில் வேலையே இல்லையா இவர்களுக்கு என்று தோன்றும்.

டேப் பிடித்துப் பார்த்தோம். நான் ஒரு முனை, நஞ்சம்மா மறு முனை. சந்து வழியாக வந்து ரோட்டைத் தாண்டி மண்டி வாசல் வரை அறுபத்தொன்று. பதினோரு மீட்டர் அதிகம். பதினோரு மீட்டர் எவ்வளவு தெரியுமா? இந்த வராந்தாகூடப் பன்னிரண்டு. வக்கீலிடம் போனில் சொன்னேன். சிரித்தார். "கேட்டுதானுங்க மேடம், அதென்ன கோபுரமா? மாத்தி வைங்க."

மெயின் ரோட்டுப் பக்கம் சுவரை உடைத்து கேட் வைத்தேன். முப்பத்தொன்பது மீட்டர். சந்து கேட்டும் இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். வக்கீல் கூடாது என்றார். இரண்டு கேட் இருந்தால் குழந்தைகள் எதில் வருகிறார்கள் என்று கேள்வி வரும். சந்தில்தான் வருகிறார்கள் என்று அவர்கள் போட்டோ எடுத்துவிடுவார்கள். அதனால் சந்து கேட்டுக்கு வெல்டிங் வைத்துவிட்டேன். பூட்டு என்றால் என்றைக்காவது திறக்கத் தோன்றும். வெல்டிங் என்றால் நிம்மதி.

பெற்றோர் கூட்டத்தில் கோமதி என்று ஒரு அம்மா எழுந்து நின்றாள். எதிர்ப்பக்கம் நெசவாளர் காலனி, தறிக்குப் போகிறவள். "குடிகாரனுக்குப் பயந்துட்டு லாரிகிட்டப் புள்ளையக் கொண்டாந்து விடச் சொல்றீங்களே டீச்சர்?" என்றாள். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். "ஆறு மாசம் பொறுத்துக்குங்கம்மா" என்றேன். ஆறு மாதம் என்றுதான் வக்கீல் சொல்லியிருந்தார்.

அந்தப் பக்கம் செங்கோட்டுவேல் சும்மா இருப்பாரா? மன்றத்தின் செயலாளர் அவர்தான். அவர்கள் கேட்டைக் கட்டடத்தின் தெற்கு ஓரத்துக்குக் கொண்டுபோனார். ஐம்பத்தாறு ஆகிவிட்டது. நான் என் கேட்டையும் தெற்கே நகர்த்தினேன். அங்கே ஊஞ்சல் இருந்தது, எடுத்துவிட்டேன். நாற்பத்தெட்டு. அதற்கு மேல் நகர அவருக்கு இடமில்லை, பக்கத்து நிலம் வேறு ஒருவருடையது. எனக்கும் இடமில்லை, அப்பால் வளைவு. வரும்போது பார்த்திருப்பீர்கள். வண்டி திரும்பின பிறகுதான் வண்டி வருகிறது என்றே தெரியும்.

அவரே ஒருநாள் வந்தார். நீங்கள் முதலில் உட்காரப் போனீர்களே, அந்த நாற்காலியில்தான் உட்கார்ந்தார். அப்போது அதன் கால் நன்றாக இருந்தது.

"டீச்சரம்மா, எம் பொண்ணு ரெண்டு வருசம் உங்ககிட்டத்தான் படிச்சா" என்றார்.

"தெரியும். ஆறாம் வாய்ப்பாடு கடைசி வரைக்கும் வரலை."

"இப்பவும் வர்றதில்லைங்க" என்று சிரித்தார். பிறகு குரலைத் தணித்துக்கொண்டார். "நான் ஒண்ணு சொல்றேன், கேளுங்க. பள்ளிக்கூடம் விட்டப்புறம், அஞ்சு மணிக்கு மேலதான் நாங்க திறக்கறோம். கையெழுத்துப் போட்டே தர்றேன். உங்க சுவத்துகிட்ட ஒரு வாட்ச்மேன் போடறேன். எவனாவது ஒதுங்குனா அவன் மெம்பர் கார்டைக் கிழிச்சு வீசிடறேன். நீங்க கேஸ வாபஸ் வாங்கிட்டு, உங்க கேட்டைப் பழையபடி சந்துக்கே மாத்திக்குங்க. புள்ளைங்க நிம்மதியா வரட்டுமுங்க."

எவ்வளவு சாமர்த்தியம் பாருங்கள். ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடம் முடிந்துவிடுகிறது என்று அவர் நினைக்கிறார். நான் இங்கேதான் பின்னறையில் இருக்கிறேன், இருபத்திரண்டு வருடமாக. ஐந்து மணிக்குப் பிறகு பெருக்கி, பெஞ்சுகளை ஒழுங்குபடுத்தி, அடுத்த நாளைக்கு எழுதிப்போட்டு, சாப்பிட்டுப் படுக்கிறவள். எனக்கு ஐந்து மணி என்ன, ஆறு மணி என்ன?

"சட்டம் மீட்டர்லதான் பேசும் செங்கோட்டுவேல், மணியில பேசாது" என்றேன்.

எழுந்து வெளியே போனவர், கேட்டருகில் நின்று திரும்பி, "வளைவுங்க டீச்சரம்மா. பாத்துக்குங்க" என்றார். மிரட்டுகிறார் என்று அன்றைக்கே வக்கீலுக்கு எழுதிப் போட்டேன்.

பாப்பா எங்கே? அங்கேதான் இருக்கிறாளா? சறுக்கு மரம், போகட்டும், விழமாட்டாள். துடைத்துதான் வைத்திருக்கிறேன். தினமும் துடைக்கிறேன்.

அப்புறம், மன்றத்தில் ஒரு தடவை சோதனை வந்தது. உண்மையிலேயே மனமகிழ் மன்றம்தானா என்று பார்க்க. டீக்கடைக்காரர் வந்து சொன்னார். அவசரமாக நாலு பேரைப் பிடித்து கேரம் போர்டைச் சுற்றி உட்கார வைத்தார்களாம். ஸ்ட்ரைக்கர் காணோம். ஒருவர் பாட்டில் மூடியை வைத்து அடித்தாராம். இன்னொருவர் சிவப்புக் காயை எடுத்துச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டாராம், ஜெயித்தால் வீட்டுக்குக் கொண்டுபோக வேண்டும் என்று நினைத்து. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. நடக்காத ஒன்றை நடக்கிறது என்று காட்ட ஆள் பிடித்து உட்கார வைப்பதெல்லாம் ஒரு பிழைப்பா?

சோதனைக்கு வந்தவர்கள் நால்வரும் விளையாடிக்கொண்டிருந்தார்கள் என்று எழுதிவிட்டுப் போய்விட்டார்கள். அதனால் வழக்கு மீண்டும் மீட்டருக்கே வந்தது.

பிறகு ரோட்டை எப்படிக் கடப்பது என்பதில் ஒரு வருடம் போனது. சிரிக்காதீர்கள், நிஜம்தான். பஸ் ஸ்டாப் பக்கத்தில் வெள்ளைக் கோடு போட்டிருக்கிறதே, ஒழுங்காக நடக்கிற மனிதர் அங்கே போய்த்தான் கடப்பார், அந்த வழியில் அளந்தால் நூற்று முப்பது மீட்டர் என்று அவர்கள் வக்கீல் சொன்னார். எங்கள் வக்கீல் இல்லை, இங்கே வழக்கம் நேராகக் கடப்பதுதான் என்றார். ஆதாரம் என்ன என்று கோர்ட்டில் கேட்டார்கள்.

காலனியிலிருந்து இருபது குழந்தைகள் வருவார்கள். அதுவரைக்கும் நஞ்சம்மா அவர்களைக் கோடு வரை கூட்டிப்போய்த்தான் கடத்திவிடுவாள். அன்றிலிருந்து நேராகக் கடந்தோம். ஒரு நீளக் கயிறு, குழந்தைகள் எல்லாம் அதைப் பிடித்துக்கொள்வார்கள். முன்னால் நான், கையில் ஒரு சிவப்புத் துணி. பின்னால் நஞ்சம்மா. அவள் முருகா முருகா என்று சொல்லிக்கொண்டே வருவாள். "நேரா பாத்து நட நஞ்சம்மா, போட்டோவுல கண்ணை மூடிட்டு விழற" என்று அதட்டுவேன். ஸ்டுடியோவிலிருந்து ஆள் வைத்துப் பதினைந்து நாள் எடுத்தோம். அதில் ஒன்றுதான் சுவரில் மாட்டியிருக்கிறேன். எழுந்து போய்ப் பாருங்கள், பரவாயில்லை. ஆமாம், அது ரிக் வண்டிதான், போர் போடுகிற வண்டி. பிரேக் போட்டு நிற்கிறது. அந்த வண்டிக்கும் கயிற்றில் கடைசியாக இருக்கிற குழந்தைக்கும் நடுவில் எவ்வளவு என்றா கேட்கிறீர்கள்? அதை நான் அளக்கவில்லை.

அந்தப் போட்டோதான் ஜெயித்தது. குழந்தைகள் வழக்கமாக நேராகத்தான் கடக்கிறார்கள், ஆகவே நாற்பத்தெட்டு மீட்டர், ஆகவே லைசென்ஸ் ரத்து. தீர்ப்பு வந்த மறுநாள் பேப்பரில் அதே போட்டோ பெரிதாக வந்தது. 'மதுவை விரட்டிய மழலைகள்.' ஐம்பது பிரதி வாங்கினேன். எல்லா வீட்டுக்கும் நானே கொண்டுபோய்க் கொடுத்தேன். காலனியில் பாதிப் பேர் விடிகிறபோதே தறிக்குப் போய்விடுகிறவர்கள். பிள்ளைகள் பள்ளிக்கூடம் வருவதை அவர்கள் பார்த்ததே இல்லை. பார்க்கட்டும், பெருமைப்படட்டும் என்று கொடுத்தேன்.

அந்த வாரம் காலனியிலிருந்து ஒன்பது குழந்தைகள் வரவில்லை. ஊரில் காய்ச்சல் இருந்தது. காய்ச்சல்தான் என்று நினைத்தேன். பத்து நாள் கழித்து கோமதி டி.சி. கேட்டு வந்து நின்றாள்.

"போட்டோவுல கடைசியா நிக்கறது எம் புள்ளைங்க டீச்சர்" என்றாள்.

நான் கண்ணாடி போட்டுக்கொண்டு பார்த்தேன். "அட, தன்ஷிகாவா? நல்லா விழுந்திருக்காளே. பெரிசு பண்ணித் தரட்டுமா?" என்றேன்.

கேட்டதை எழுதிக் கொடுத்தேன். டி.சி.யை நாலாக மடித்து ஜாக்கெட்டுக்குள் செருகிக்கொண்டு போனாள். எந்த அம்மாவாவது டி.சி.யை நாலாக மடிப்பாளா? அதை அடுத்த பள்ளிக்கூடத்தில் கொடுக்க வேண்டாமா?

அப்புறம் ஒவ்வொருவராக. ஒருவருக்கு வேன் வசதி வேண்டும். ஒருவருக்கு கம்ப்யூட்டர் கிளாஸ் வேண்டும். ஒருவர் ஜாதகம் சரியில்லை என்றார், எல்.கே.ஜி. குழந்தைக்கு. நான் யாரிடமும் எதுவும் கேட்கவில்லை. நஞ்சம்மாவும் பிப்ரவரியில் நின்றுவிட்டாள், முட்டி வலி என்று. போன வாரம் பார்க்கிறேன், மஞ்சள் பஸ்ஸில் ஆயாவாக நிற்கிறாள். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி ஏறுகிறாள். முட்டி சரியாகிவிட்டது போல. பதினாறு வருடம் என்னோடு இருந்தவள். ஜன்னல் வழியாகக் கையைக் காட்டினாள், எனக்குத்தானா என்று தெரியவில்லை. நான் திரும்பக் காட்டுவதற்குள் பஸ் போய்விட்டது.

அறுபத்துநாலு பேர் இருந்தார்கள் அம்மா. ஜூனில் நாலு பேர். இப்போது, உங்களிடம் மறைப்பானேன், யாரும் வருவதில்லை. ஆனாலும் ஒன்பதரைக்கு பெல் அடிக்கிறேன். காலைப் பாட்டை ஸ்பீக்கரில் போடுகிறேன். பத்தே முக்காலுக்கு இன்டர்வெல் பெல். மூன்றரைக்கு நீளமாக ஒரு பெல். பள்ளிக்கூடம் நடக்கிறது என்பதற்கு அதுவும் ஒரு சாட்சிதானே?

ஏன் சாட்சி என்றால், செங்கோட்டுவேல் இப்போது வேறு மனு போட்டிருக்கிறார். எதிரே பள்ளிக்கூடமே கிடையாது, ஒரு டீச்சர்தான் இருக்கிறார் என்று. டீக்கடை பெஞ்சில் ஒரு ஆளை உட்கார வைத்திருக்கிறார். என் கேட்டுக்குள் எத்தனை குழந்தைகள் போகிறார்கள் என்று நோட்டில் எழுதுவது அவர் வேலை. மூன்று வாரமாக எழுதுகிறார். என்ன எழுதுவாரோ. காலையில் நான் கேட்டைத் திறக்கும்போது எழுந்து நின்று வணக்கம் சொல்கிறார். நானும் சொல்கிறேன். அன்றைக்கு நான் பேசுகிற முதல் வார்த்தை அதுதான். பல நாள் கடைசியும் அதுதான்.

திங்கட்கிழமைக்கு எல்லாம் தயார். சிறிய அளவில் பத்து யூனிபார்ம் என்னிடம் இருக்கிறது, துவைத்து இஸ்திரி போட்டுவிட்டேன். பலகை துடைத்தாகிவிட்டது. சுப்பராயன் பேரனை ஒரே ஒரு மணி நேரம் அனுப்பச் சொல்லிக் கேட்டேன். நஞ்சம்மாவின் பேத்திகள் இரண்டு பேரைக் கேட்டேன். காலனியில் ஐந்து வீட்டில் கேட்டேன். வெறுமனே பெஞ்சில் உட்கார்ந்தால் போதும் என்றேன். பார்க்கலாம் டீச்சர் என்கிறார்கள். மன்றத்தில் கேரம் தெரியாதவர்களை உட்கார வைத்ததும் இதுவும் ஒன்றில்லை. இங்கே வந்து உட்காருகிற குழந்தைக்கு நான் அந்த ஒரு மணி நேரமும் பாடம் சொல்லித்தானே கொடுப்பேன்?

இந்த நேரத்தில் நீங்களாக வந்து கேட்டைத் தட்டினீர்கள். பீஸெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம். திங்கட்கிழமை பாப்பா வந்தால் போதும். ஒரு குழந்தை உண்மையாகச் சேர்ந்திருந்தால் மற்றது எல்லாம் தானாக நிற்கும்.

என்ன கேட்டீர்கள்? சந்து கேட்டா?

தெரியும், உங்கள் வீட்டிலிருந்து சந்து வழியாக வந்தால் இரண்டு நிமிஷம். ரோட்டுக்கே வர வேண்டாம். ஆனால் அதைத் திறக்க முடியாதும்மா. வெல்டிங்கை அறுப்பது அரை மணி வேலை, அதற்காகச் சொல்லவில்லை. நான் திறக்கிற அன்றைக்கே நோட்டுக்காரர் எழுதிவிடுவார். கேட் மாறினால் தூரம் மாறிவிடும். தூரம் மாறினால் கிளப் திறந்துவிடும். திறந்தால், குழந்தைகளுக்கு எதிரே கிளப் இருந்தால் எந்த அம்மா பிள்ளையை அனுப்புவாள், சொல்லுங்கள்?

கேஸ் முடியட்டும். முடிந்த மறுநாள் அறுத்துவிடுகிறேன். எப்போது முடியும் என்றால், இதில் தோற்றால் அவர் மேலே போவார். நான் தோற்றால் நான் போவேன். சீக்கிரம் முடிந்துவிடும்.

யோசித்துச் சொல்கிறீர்களா? சரி. வீட்டுக்காரரையும் கேளுங்கள். தப்பில்லை. பாப்பா பேர் மட்டும் சொல்லிவிட்டுப் போங்களேன், ரிஜிஸ்டரில் பென்சிலால் எழுதி வைக்கிறேன். வேண்டாமா? சரி, வேண்டாம். வந்த பிறகே எழுதிக்கொள்ளலாம்.

இப்போது வீட்டுக்கா? சந்தைக்கா? அப்படியானால் பஸ் எதிர்ப்பக்கம் நிற்கும். இருங்கள், தனியாகக் கடக்க வேண்டாம். நான் வருகிறேன். எனக்கு வேறு வேலை ஒன்றுமில்லை. செருப்பு மட்டும் போட்டுக்கொள்கிறேன்.

வெள்ளைக் கோட்டுக்குப் போக வேண்டாம்மா, நேராகவே போகலாம். பயப்படாதீர்கள். இதுதான் வழி என்று தீர்ப்பே இருக்கிறது. நீங்கள் என் இடது பக்கம் வாருங்கள். பாப்பா, நீ டீச்சர் கையைப் பிடி. இறுக்கிப் பிடி. அப்படித்தான். வளைவைப் பார்க்காதே, என்னைப் பார். அந்தப் பெஞ்சில் ஒரு மாமா நம்மையே பார்க்கிறார் பார். பார்க்கட்டும். ஒன்று என்று எழுதட்டும். இந்த பஸ் போகட்டும். ம், இப்போது. நடங்கள். ஓடக் கூடாது, நடக்க வேண்டும். நடந்தால் நிறுத்துவார்கள்.

பார்த்தீர்களா, வந்துவிட்டோம். இவ்வளவுதான். நாற்பத்தெட்டு மீட்டர் என்ன பெரிய தூரமா?

உங்கள் பஸ் அதோ வருகிறது. பாப்பா கை எவ்வளவு சூடாக இருக்கிறது. என்னம்மா? ஆமாம், இழுக்கிறாள். அம்மாவிடம் போக வேண்டுமாம். விடுகிறேன், விடுகிறேன். இந்த லாரி ஒன்று போகட்டும்.